கிர்ணிப்பழத்துக்கு அலையும் பூனை: பழம் கொடுக்கலாமா, கூடாதா?

மணியின்_அம்மா (வேளச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மணிக்கு மூன்று வயது. நாட்டுப் பூனை, கடுவன், கருத்தடை செய்தாயிற்று, எடை நாலரைக் கிலோ. மீன் வைத்தால்கூட சோம்பல் முறித்துவிட்டு நிதானமாக வருபவன், கிர்ணிப்பழத்தில் கத்தி இறங்கும் சத்தம் கேட்டால் பீரோ மேலிருந்து ஒரே தாவலில் அடுப்படிக்கு வந்துவிடுகிறான்.

நேற்று ஒரு சிறு துண்டு போட்டேன். இரண்டு முன்னங்கால்களாலும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் சாற்றை நக்கினான். அப்புறம் தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் நறநறவென்று கடித்தான். கண் பாதி மூடியிருந்தது. எலும்பு தின்னும்போதுகூட இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் "பூனைக்கு எதற்குப் பழம், வயிற்றைக் கெடுக்காதே" என்கிறார். மாமியாரோ "கேட்கிற ஜீவனுக்குக் கொடுக்காமல் நாம் தின்னக் கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி? இது மே மாதம் வேறு. மாம்பழம், தர்பூசணி, பலா, சப்போட்டா, திராட்சை எல்லாம் வீட்டில் கிடக்கிறது. எதைக் கொடுக்கலாம், எதை ஒளித்து வைக்க வேண்டும்?

ஏழு_பூனை_தாத்தா

அம்மா, எங்கள் வீட்டில் இப்போது ஏழு. இதுவரை வந்து போனதைக் கணக்கெடுத்தால் முப்பதைத் தாண்டும். ஒன்று பலாச்சுளையின் நாரை மட்டும் தின்னும், சுளையைத் தொடாது. இன்னொன்று நுங்குத் தண்ணீரை நக்கும். மிச்ச ஐந்தும் பழத்தை முகர்ந்துவிட்டு, மண்ணைத் தோண்டி மூடுவது போலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விடும். அதுதான் பெரும்பாலான பூனைகளின் தீர்ப்பு. ஒரு துண்டு கிர்ணியால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

கால்நடை_மாணவி

தாத்தா சொல்வது சரி. ஆனால் காரணத்தைச் சொன்னால் மற்றப் பழங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம் அக்கா.

மணி இனிப்புக்காக அலையவில்லை. பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து அமைவது. அதில் ஒன்றைச் செய்யும் மரபணு பூனையில் உடைந்து கிடக்கிறது. 2005இல் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் இதைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுப் பூனையில் மட்டுமல்ல, புலியிலும் சிவிங்கிப் புலியிலும் அப்படித்தான். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்களே, சர்க்கரையையும் அது சட்டை செய்யாது.

அப்புறம் ஏன் கிர்ணி? வாசனை. முலாம்பழ வகைகளின் மணப்பொருட்கள் பலவும் அமினோ அமிலங்களிலிருந்து உருவாகின்றன. இறைச்சியின் மணத்துக்கும் அங்கிருந்துதான் ஓர் உறவு என்பது ஒரு விளக்கம். மணியைப் பொறுத்தவரை நீங்கள் வெட்டுவது பழமல்ல, ஏதோ ஒரு விநோதமான கறி!

அளவு: நாலரைக் கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும், கருத்தடை செய்த பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 230 கலோரி போதும். தின்பண்டம் எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆக 20 கலோரி. கிர்ணி 100 கிராமில் 34 கலோரி. சுண்டுவிரல் நக அளவுத் துண்டு இரண்டு மூன்று கொடுத்தால் அந்தக் கணக்கின் பக்கத்திலேயே போகாது. ஏலக்கி வாழைப்பழம் ஒன்றை முழுதாகக் கொடுத்தால் 45 கலோரி போய்விடும். நாம் ஒரே மூச்சில் எட்டு ஒன்பது வாழைப்பழம் தின்பதற்குச் சமம்.

மணியின்_அம்மா

அடடா, பங்கனப்பள்ளிக் கதுப்பு ஒன்றை முழுதாக வைக்கலாம் என்று இருந்தேனே!

கால்நடை_மாணவி

அது ஒரு நூறு கிராம் வரும். 60 கலோரி, 14 கிராம் சர்க்கரை. வேண்டாம் அக்கா. தோலும் கொட்டையும் இல்லாமல் ஒரு நகத்துண்டு போதும். காம்புப் பாலும் தோலும் நமக்கே உதட்டைப் புண்ணாக்கும்.

யாழ்_முற்றம்

எங்கட வீட்டிலும் இதே கதைதான். கறுத்தக்கொழும்பான் பழுக்கிற காலத்தில் பூனை மாமரத்தடியை விட்டு நகராது. பழத்துக்கு என்று நினைத்தேன். ஒரு நாள் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது, விழுந்த பழத்துக்கு வரும் அணிலுக்கும் பூச்சிக்கும்தான் காவல் இருந்திருக்கிறது.

பப்பாசிப்பழம் ஒரு துண்டு தின்னும். அதுவும் நான் தின்னும்போது மட்டும். தட்டில் தனியாக வைத்தால் திரும்பியும் பார்க்காது.

ஏழு_பூனை_தாத்தா

அதுதான் விஷயம். பாதி நேரம் அதற்கு வேண்டியது பழமல்ல, நம் கையில் இருப்பது.

கம்பத்துக்காரர்

நான் சொல்ல வந்தது திராட்சை பற்றி. எங்கள் பக்கம் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அதுதான். வீட்டில் கூடை கூடையாக இருக்கும். பூனை அதைத் தின்னாது, கோலிக்குண்டு மாதிரி உருட்டி விளையாடும். அதனால் நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

போன தீபாவளிக்குச் சேமியா பாயசம். பிள்ளைகள் தட்டில் ஒதுக்கி வைத்திருந்த உலர் திராட்சையைப் பூனை தின்றுவிட்டது. நெய்யில் வறுத்ததல்லவா, அந்த நெய்க்காகத்தான். மூன்றா நாலா என்று தெரியாது. பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனைக்குப் போன் போட்டால் "பழம்தானே, ஒன்றும் ஆகாது" என்று வைத்துவிட்டார்கள். அதற்குள் என் அக்கா மகன் வேறு "உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைங்க மாமா" என்று நிற்கிறான். மனசு கேட்காமல் 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் முதலில் கேட்டதே "உப்புத் தண்ணீர் கொடுத்தீர்களா?" என்றுதான். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். அன்றைக்கே ரத்தம் எடுத்தார், இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தார். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுமே கிரியாட்டினின், அது ஏறவில்லை. செலவு இரண்டாயிரத்துச் சொச்சம். அன்றிலிருந்து திராட்சைக் கூடைக்கு மூடி.

கால்நடை_மாணவி

அண்ணா, நீங்கள் செய்ததுதான் சரி. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பதிவாகி வருகிறது. பூனையில் பதிவுகள் குறைவு. ஆனால் இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு நாய்க்கே கிடையாது. அதனால் பூனைக்கும் கொடுக்காதே என்பதுதான் விஷயம் தெரிந்த மருத்துவர்கள் சொல்வது.

நம் சமையலறைக்கு முக்கியமான ஒன்று உண்டு. 2021இல் இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சு ஆலோசகர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் திராட்சையைவிட நம் புளியில் அதிகம். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. ஆகவே புளியோதரைச் சட்டியைப் பூனை நக்கட்டும் என்று தரையில் வைக்காதீர்கள்.

உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். பூனையின் உடம்புக்கு இரண்டு கரண்டி உப்பே விஷம். வாந்தி எடுக்க வைப்பது மருத்துவர் வேலை. தின்ற நேரத்தையும் தோராயமான அளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள், அது போதும்.

மூன்றாம்மாடி (மாம்பலம்)

இவ்வளவு பேர் பேசுவதால் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். திட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அசைவம் நுழையாது. நாலு வருடம் முன் மழையில் நனைந்து வந்த குட்டியை வளர்க்கிறோம். பெயர் லட்டு. தயிர்சாதம், பால், இட்லி, அப்புறம் வாழைப்பழம், பப்பாளி. மாம்பழத்தில் வைட்டமின் ஏ, கொய்யாவில் வைட்டமின் சி என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். என் பாட்டி வீட்டிலும் பூனை தயிர்சாதம் தின்றுதான் பதினைந்து வருடம் இருந்தது. லட்டுவும் கொழுகொழுவென்றுதான் இருக்கிறாள்.

ஏழு_பூனை_தாத்தா

அம்மா, பாட்டி வீட்டுக்குக் கொல்லைப்புறம் இருந்ததா?

மூன்றாம்மாடி

இருந்தது. கும்பகோணம் பக்கம். கிணறு, மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர்.

ஏழு_பூனை_தாத்தா

அப்படியானால் அந்தப் பூனை உங்கள் பாட்டி எதிரில் தயிர்சாதம் தின்றது. எலியை வைக்கோல் போருக்குப் பின்னால் தின்றது. பாட்டிக்குத் தெரிந்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார். லட்டுவுக்கு மூன்றாம் மாடியில் என்ன கிடைக்கும்? வருஷத்துக்கு நாலு பல்லி!

கால்நடை_மாணவி

தாத்தா சிரிக்க வைத்துவிட்டார், ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை அக்கா. திட்டவில்லை, சொல்லிவிடுகிறேன்.

டாரின் என்று ஒரு சத்து. அதை நம் உடம்பு தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்ய முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். பாலிலும் தயிரிலும் அது மிகக் குறைவு. பழத்தில் கிடையாது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதயம் வீங்கிய பூனைகளுக்கு டாரின் கொடுத்துப் பார்த்தார்கள், இதயம் தேறியது. அதன் பிறகு தீவனக் கம்பெனிகள் டாரின் அளவை ஏற்றின, அந்த நோயும் வெகுவாகக் குறைந்தது. இதயம் பிடித்துக்கொள்ளலாம், போன விழித்திரை திரும்பாது. இதெல்லாம் வெளியே தெரிய மாதங்கள், ஏன் வருடங்கள்கூட ஆகும். கொழுகொழுவென்று இருப்பது சோற்றால்.

வைட்டமின் கணக்கும் பூனையிடம் செல்லாது. மாம்பழத்தின் மஞ்சள் நிறமியை வைட்டமின் ஏயாக மாற்றும் வேலையை நம் உடம்பு செய்யும், பூனை செய்யாது. அதற்கு ஈரல் மாதிரி ஒன்றில் தயாராகவே வர வேண்டும். வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்கிறது, கொய்யா தேவையில்லை.

மூன்றாம்மாடி

படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன செய்யட்டும்? சமையலறையில் கோழி வேகவைப்பது நடக்காத காரியம். சைவத் தீவனம் ஏதாவது?

கால்நடை_மாணவி

செயற்கை டாரின் சேர்த்த சைவத் தீவனம் சில நாடுகளில் விற்கிறது. அது சரியா தப்பா என்பது மருத்துவர்களுக்குள்ளேயே தனிச் சண்டை. என் பேச்சைக் கேட்டால், வேண்டாம். கடைகளில் கிடைக்கும் முழுமையான பூனைத் தீவனத்தில் டாரின் அளந்து போட்டிருப்பார்கள். உலர் தீவனம் பார்ப்பதற்குக் கடலை உருண்டை மாதிரிதான் இருக்கும். பால்கனியில் ஒரு டப்பா, அதற்கென்று ஒரு கரண்டி, ஒரு கிண்ணம். அடுப்படிக்கு வர வேண்டியதே இல்லை.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். பிடிக்காமல் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். தயிர்சாதத்தில் நாலைந்து உருண்டை கலந்து ஆரம்பித்து, பத்து நாளில் சாதத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இடையில் ஒரு முறை கண்ணையும் இதயத்தையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கம்பத்துக்காரர்

இறைச்சி வேகவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் டாக்டர் சொன்னார், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கும் என்று. உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்தால் அப்படியே ஊற்றலாம்.

யாழ்_முற்றம்

வெங்காயம் பழத்தைவிடப் பெரிய ஆபத்து என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உண்மையா?

கால்நடை_மாணவி

உண்மை. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பார் சாதம் அதனால்தான் கூடாது.

மணியின்_அம்மா

நான் கேட்ட சப்போட்டா, பலா எல்லாம் நடுவில் காணாமல் போய்விட்டதே! தர்பூசணி? எலுமிச்சை?

கால்நடை_மாணவி

மன்னியுங்கள் அக்கா, வரிசையாகச் சொல்கிறேன்.

தர்பூசணி பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். விதை எடுத்து, பச்சைத்தோல் இல்லாமல், சிறு துண்டு. மே மாதத்தில் அதிகம் தண்ணீர் குடிக்காத பூனைக்குக் கொஞ்சம் ஈரம் போய்ச் சேரும், அவ்வளவே. வீட்டிலேயே விதை எடுத்து வெட்டியதாக இருக்கட்டும். தள்ளுவண்டியில் வெயிலில் வெட்டி வைத்தது, மிளகாய்த்தூள் தூவியது வேண்டாம். கிர்ணியை வெட்டும் முன் வெளித்தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தச் சொரசொரப்பில் கிருமி ஒட்டியிருந்தால் கத்தி வழியாக உள்ளே போய்விடும். 2011இல் அமெரிக்காவில் முலாம்பழத்தில் வந்த லிஸ்டீரியா கிருமியால் மனிதர்களே 33 பேர் இறந்தார்கள்.

சப்போட்டா விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு முனையில் சிறு கொக்கி இருக்கும். தொண்டையில் மாட்டும். சதை மட்டும் ஒரு நகத்துண்டு கொடுக்கலாம், ஆனால் அத்தனையும் சர்க்கரை, அதற்கு அந்த ருசியும் தெரியப் போவதில்லை. சீத்தாப்பழம் எங்கள் வீட்டில் பூனை இருக்கும் அறைக்கே வராது. அதன் விதையை அரைத்துப் பேனுக்குத் தேய்ப்பார்கள் அல்லவா? அந்த விழுது கண்ணில் பட்டால் கண்ணே புண்ணாகும். ஆப்பிள் கொடுத்தால் விதையும் நடுத்தண்டும் நீக்கிவிடுங்கள், விதையில் சயனைடு தரும் பொருள் உண்டு. பட்டர் ஃப்ரூட் வேண்டாம், கொழுப்பு அதிகம், கொட்டை வேறு பெரிது. இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் மிக அதிகம்.

எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு: பூனையே ஒதுங்கிவிடும். திருஷ்டி கழித்து வாசலில் நசுக்கிய எலுமிச்சையை எந்தப் பூனையும் நக்காது. ஆபத்து பழத்தைவிடத் தோலின் எண்ணெயில். எலுமிச்சை எண்ணெய் சேர்ந்த திரவத்தால் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கும். சில பொருட்களைச் செரித்து வெளியேற்றும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் பலவீனம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடுவதும் அதனால்தான். காய்ச்சல் என்று யாராவது கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நீரிழிவு உள்ள பூனைக்கு எந்தப் பழமும் வேண்டாம்.

ஏழு_பூனை_தாத்தா

பலாவை விட்டுவிட்டாய் பாப்பா.

கால்நடை_மாணவி

விஷம் என்று எங்கும் படித்ததில்லை தாத்தா. பால் பிசின் மீசை ரோமத்தில் ஒட்டினால் நல்லெண்ணெய் தேடி ஓட வேண்டியிருக்கும். உங்கள் நாருண்ணிக்கு ஒன்றும் ஆகாதவரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழு_பூனை_தாத்தா

மலச்சிக்கலுக்கு மஞ்சள் பூசணி நான் கண்ட மருந்து. உப்பில்லாமல் வேகவைத்து மசித்து ஒரு டீஸ்பூன். பூசணியும் தாவரக் கணக்குப்படி பழம்தானாமே, ஆகவே இந்த இழையில் சேர்த்தி.

பூனையைச் சந்தோஷப்படுத்தத்தான் பழம் என்றால் குப்பைமேனியைப் பிடுங்கிப் போடுங்கள். அதன் வேருக்குப் பூனை விழுந்து புரளும். நம் ஆட்கள் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தின்னவிடாதீர்கள், ஐந்து நிமிடம் புரண்டதும் எடுத்துவிடுங்கள்.

மணியின்_அம்மா

சரி, வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை, கிர்ணி மட்டும், மூன்று நகத்துண்டு. மாமியார் "நகம்னா யார் நகம், உன் நகமா என் நகமா" என்று கேட்டார். வீட்டுக்காரர் நகம் என்று முடிவாகியிருக்கிறது, அவருக்குத்தான் பெரிது.

மூன்றாம்மாடி (பன்னிரண்டு நாள் கழித்து)

நன்றி சொல்ல வந்தேன். மருத்துவர் கண்ணில் லேசான மாற்றம் இருக்கிறது, இதயம் இப்போதைக்குப் பரவாயில்லை என்றார். ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். தீவனம் முதல் நாலு நாள் தயிரை நக்கிவிட்டு உருண்டைகளை வரிசையாகத் தரையில் எடுத்து வைத்தாள். ஐந்தாம் நாள் ஒன்றைக் கடித்தாள். இப்போது பால்கனிக் கதவு திறக்கும் சத்தத்துக்கே ஓடி வருகிறாள். பப்பாளியை முகர்ந்துவிட்டு, தாத்தா சொன்னாரே, அதே மாதிரி தரையைப் பிறாண்டிவிட்டுப் போனாள். நாலு வருடமாக வேறு வழியில்லாமல்தான் தின்றிருக்கிறாள் போல.

அந்தக் கரண்டி மற்றக் கரண்டியோடு கலந்துவிடக் கூடாது என்று அம்மா காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். லட்டு அதைப் பிடித்து இழுத்து விளையாடுகிறாள்.

கால்நடை_மாணவி

அக்கா, அந்த நூலை இப்போதே கழற்றுங்கள். விழுங்கினால் குடலை மடித்து அறுத்துவிடும். பூனை வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டிய சாமான்களில் நூல் முதல் வரிசை.

மூன்றாம்மாடி

கழற்றியாயிற்று. காம்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன்.